நெருக்கடியில் பிறந்த மன்றாட்டு: லித்தானியாவின் வரலாறும் நமது திருப்பணியும்

முன்னுரை

2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சி ஓயாத அக்காலையில், சோழமண்டலக் கரையோர ஆலயங்களில் இறைமக்கள் வழிபாட்டிற்குக் கூடிய வேளையில், கடல் கரையைக் கடந்து ஊருக்குள் புகுந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப்பின், 2020 மார்ச்சு 25ஆம் நாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. லெந்து காலத்தின் நடுவே ஆலயக் கதவுகள் மூடப்பட்டன. ஏப்ரல் 12ஆம் நாள் வந்த உயிர்த்தெழுதல் பெருநாளில் ஆயர்கள் வெற்று இருக்கைகளை நோக்கி நின்று ஆசி கூறினர். இவ்விரு காலங்களிலும் திருப்பணியாளரை எதிர்கொண்ட கேள்வி ஒன்றே: இப்பொழுது எதைச் சொல்லி மன்றாடுவது?

இக்கேள்வி புதியதன்று. திருச்சபை தன் நெடிய வரலாற்றில் நிலநடுக்கத்தையும் வெள்ளத்தையும் கொள்ளைநோயையும் படையெடுப்பையும் பன்முறை கண்டுள்ளது. ஒவ்வொரு முறையும் அது மன்றாடியது. அம்மன்றாட்டுகளில் ஒரு பகுதி உருப்பெற்று நம் கைக்கு வந்துள்ளது. நம் வழிபாட்டு நூலில் லித்தானியா என்னும் பெயரோடு காணப்படும் நீண்ட ஜெபமே அது. 'வருந்தி வேண்டுதல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. இன்று பல சபைகளில் லெந்து காலத்தில் மட்டும், அதுவும் நேரம் மிஞ்சினால் மட்டும், இது வாசிக்கப்படுகிறது. நீளமானது, பழமையானது, ஒரே மறுமொழியைத் திரும்பத்திரும்பச் சொல்வது என்பன இதன்மேல் சொல்லப்படும் குறைகள்.

இந்த ஜெபம் எவ்வெவ்விடங்களில், எத்தகைய துன்பத்தினூடே உருவாயிற்று என்பதை இக்கட்டுரையில் காண்போம். அதனோடு, இரண்டு கேள்விகளையும் மனத்திற்கொள்வோம். துன்பவேளையில் திருச்சபை யாருக்காக மன்றாடியது, யாருக்கு எதிராக மன்றாடியது? துன்பம் கடந்தபின் அம்மன்றாட்டை ஏன் கைவிடாமல் காத்துக்கொண்டது?

1. "வாரும்" என்னும் வேண்டலும் "தாமதியும்" என்னும் வேண்டலும்

ஆதித் திருச்சபை காத்திருக்கும் சபையாயிருந்தது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் முடிவில் அரமாயிக் மொழியிலேயே விட்டுவைத்த 'மாரநாதா' என்னும் சொல் இதற்குச் சான்று. அதை 'எங்கள் ஆண்டவரே, வாரும்' என்றும் 'எங்கள் ஆண்டவர் வந்துவிட்டார்' என்றும் பிரித்துப் பொருள் கொள்ளலாம். வந்தவரையே வரவேண்டுமென்று கேட்பதுதான் கிறிஸ்தவக் காத்திருப்பின் இயல்பு. திருவிருந்தையொட்டிய ஜெபங்களைத் தரும் மிகப் பழைய நூலாகிய 'பன்னிரு அப்போஸ்தலரின் போதனை'யிலும் இச்சொல் இடம்பெறுகிறது. இவ்வுலகம் கடந்துபோகட்டும் என்ற வேண்டலும் அங்கே உண்டு.

ஆனால் கி.பி. 197 அளவில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியன் எழுதிய எதிர்வாத நூல் வேறொரு செய்தியைத் தருகிறது. கிறிஸ்தவர்கள் பேரரசருக்காகவும், அதிகாரிகளுக்காகவும், உலகின் அமைதிக்காகவும் மன்றாடுகிறார்கள். முடிவு தாமதிக்கவேண்டும் என்றும் மன்றாடுகிறார்கள் என்று அவர் கூறுகிறார். தமக்கு மீட்பாக வரும் நாள் பிறருக்கு அழிவாக வருமென்றால், அப்பிறருக்காகப் பொறுத்திருக்கவும் அவர்கள் ஆயத்தமாயிருந்தனர். 'வாரும்' என்பதும் 'தாமதியும்' என்பதும் முரண்பட்ட வேண்டல்கள்போலத் தோன்றினும், இரண்டும் ஒரே அன்பிலிருந்து பிறந்தவை.

அதே நூலில் தெர்த்துல்லியன் கசப்போடு ஒன்றைக் குறிப்பிடுகிறார். தைபர் நதி கரைபுரண்டாலும், நைல் நதி வயல்களுக்கு ஏறாவிட்டாலும், வானம் பொய்த்தாலும், நிலம் அதிர்ந்தாலும், பஞ்சமோ கொள்ளைநோயோ வந்தாலும், மக்கள் உடனே கிறிஸ்தவர்களைச் சிங்கத்திற்கு இரையாக்கும்படி கூச்சலிட்டனர். துன்பம் வந்தவுடன் குற்றவாளியைத் தேடுவது மனித இயல்பு. அன்று அத்தேடலுக்குப் பலியானவர்கள் கிறிஸ்தவர்கள். இதை நாம் நினைவில் வைக்கவேண்டும். ஏனெனில் பின்னாளில் அதே தவற்றை அவர்களே செய்யும் நிலை வந்தது.

லித்தானியாவின் வடிவம் கீழைத் திருச்சபையில் 4ஆம் நூற்றாண்டில் தெளிவாகத் தோன்றுகிறது. எருசலேமுக்குத் திருப்பயணம் சென்ற எகேரியா என்னும் பெண்மணி, அங்கே மாலை வழிபாட்டில் உதவிக்குரு ஒவ்வொருவர் பெயராகச் சொல்ல, சூழ நின்ற சிறுவர் கூட்டம் ஒவ்வொரு பெயருக்கும் 'ஆண்டவரே இரங்கும்' என்று கிரேக்கத்தில் குரலெழுப்பியதை எழுதிவைத்துள்ளார். எழுத்தறியாதவரும் குழந்தையும் பங்குபெறக்கூடிய ஜெபம் அது. திரும்பத்திரும்ப வரும் மறுமொழி என்று நாம் குறையாகச் சொல்வது, தொடக்கத்தில் ஏழை எளியவருக்கு ஜெபத்தின் கதவைத் திறந்த ஏற்பாடாகும்.

2. வியென் நகரில் மூன்று நாள்கள்

மேலைத் திருச்சபையில் நெருக்கடிகால மன்றாட்டுக்கு ஒழுங்கு தந்தவர், இன்றைய பிரான்சு நாட்டின் வியென் நகரப் பேராயர் மாமெர்த்து. காலம் ஏறத்தாழ கி.பி. 470. மேற்கு ரோமப் பேரரசு குலைந்துகொண்டிருந்தது. வியென் நகரம் தொடர்ந்து நிலநடுக்கங்களுக்கும் தீ விபத்துகளுக்கும் உள்ளாயிற்று. அச்சத்தால் வழிதப்பிய மான்கள் நகரின் பொதுமன்றத்திற்குள் புகுந்தன என்றும், அதனைக் கண்டோர் தீக்குறியெனக் கலங்கினர் என்றும் அக்காலத்தவர் எழுதுகின்றனர். உயிர்த்தெழுதல் பெருநாளின் முந்திய இரவில் நகரின் பெருங்கட்டடம் ஒன்று தீப்பற்றியபோது மக்கள் ஆலயத்தை விட்டு ஓடினர். பேராயர் மட்டும் பலிபீடத்தின்முன் நின்று மன்றாடினார். அவ்விரவில் அவர் தம் உள்ளத்தில் தீர்மானித்ததே, கிறிஸ்து விண்ணேற்ற நாளுக்கு முந்திய மூன்று நாள்களில் உபவாசமும் மன்றாட்டுப் பவனியும் நடத்தும் ஏற்பாடு என்று, பின்னாளில் அந்நகரின் பேராயரான அவித்து தம் அருளுரையில் கூறுகிறார்.

முதற் பவனிக்கு மாமெர்த்து நகர மதிலுக்கு அருகிலிருந்த ஓர் ஆலயத்தையே எல்லையாகக் குறித்தார். மக்கள் மிகுதியாக வரமாட்டார்கள், வந்தவரும் சோர்ந்துபோவார்கள் என்று அவர் அஞ்சினார். ஆனால் வந்தவர்களோ, வழி மிகக் குறுகியது என்று எண்ணுமளவு ஆர்வத்தோடு நடந்தனர். ஆயர் மக்களைக் குறைத்து மதிப்பிட்ட இச்சிறு செய்தி, திருப்பணியில் இருப்போர் எண்ணிப்பார்க்கத்தக்கது.

இம்முறையைத் தம் நகருக்குக் கொண்டுவந்தவர் கிளேர்மோன் நகரப் பேராயர் சிதோனியு அப்பொலினாரி. விசிகோத்தியர் தம் நகரை நெருக்கிய வேளையில் அவர் மாமெர்த்துவுக்குக் கடிதம் எழுதி, இம்மன்றாட்டே தமக்கு அரணாக உள்ளதென்று தெரிவித்தார். மற்றொரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், முன்பிருந்த பொது ஜெபங்களின் நிலையை அவர் நகைச்சுவையோடு விவரிக்கிறார். அவை ஒழுங்கற்றவை, வெதுவெதுப்பானவை, கொட்டாவி விடுபவரால் சொல்லப்பட்டவை, உணவு வேளையால் இடைமுறிந்தவை. பெரும்பாலும் மழைக்காகவோ வெயிலுக்காகவோ வேண்டியவை. ஆகவே குயவனும் தோட்டக்காரனும் ஒன்றாக அதற்கு வருதல் இயலாது என்கிறார். தோட்டக்காரனுக்கு மழை வேண்டும். பச்சை மண்பாண்டத்தைக் காயவைக்கும் குயவனுக்கு வெயில் வேண்டும்.

இச்சிறு உவமையில் ஆழ்ந்த இறையியல் உண்மை அடங்கியுள்ளது. தன் தன் தேவையை மட்டும் கேட்கும் ஜெபம் சபையைப் பிரிக்கும். மாமெர்த்துவின் ஏற்பாட்டில் அனைவரும் தம்மைப் பாவிகள் என்று ஒப்புக்கொண்டு ஒரே இரக்கத்தைக் கேட்டனர். அதனால் குயவனும் தோட்டக்காரனும் ஒரே வரிசையில் நடக்க முடிந்தது. கி.பி. 511இல் ஓர்லேயான் நகரில் கூடிய திருச்சங்கம் இம்மூன்று நாள்களைக் கால் நாடு முழுமைக்கும் விதியாக்கியபோது, அடிமைகளும் பணிப்பெண்களும் அந்நாள்களில் வேலையிலிருந்து விடுவிக்கப்படவேண்டும் என்றும் கட்டளையிட்டது. அடிமையை வயலில் நிறுத்திவிட்டு ஆண்டான் மட்டும் மன்றாடுவது பொது மன்றாட்டு ஆகாது என்பதை அச்சங்கம் உணர்ந்திருந்தது.

இம்மூன்று நாள்கள் அமைந்த காலமும் கருதத்தக்கது. இவற்றையடுத்து ஆண்டவரின் விண்ணேற்றமும், அதன்பின் சீடர்கள் மேலறையில் ஆவியானவருக்காகக் காத்திருந்த பத்து நாள்களும் வருகின்றன. வயலிலோ பயிர் வளர்ந்து அறுவடைக்காகக் காத்திருக்கும் பருவம். நெருக்கடியில் தொடங்கிய வழிபாடு இவ்வாறு காத்திருப்பின் பருவத்தோடு இணைந்துவிட்டது.

3. ரோமாபுரியில் வெள்ளமும் கொள்ளைநோயும்

கி.பி. 589இன் இறுதியில் தைபர் நதி பெருக்கெடுத்து ரோமாபுரிக்குள் புகுந்தது. பழைய கட்டடங்கள் இடிந்தன. திருச்சபையின் களஞ்சியங்கள் அழிந்து பல்லாயிரம் மரக்கால் கோதுமை வீணாயிற்று. தொடர்ந்து கொள்ளைநோய் பரவியது. 590 பிப்ரவரியில் போப்பு இரண்டாம் பெலாகியு அந்நோயால் இறந்தார். அவருக்குப்பின் தெரிந்துகொள்ளப்பட்ட கிரெகோரி அப்பொழுது உதவிக்குருவே, அபிஷேகம் பெறவில்லை. அந்நிலையிலேயே அவர் மக்களைக் கூட்டி அருளுரை ஆற்றினார். நினிவே நகரத்தாரின் மூன்று நாள் மனந்திரும்புதலையும், சிலுவையில் தொங்கிய கள்வன் கடைசி வேளையில் பெற்ற மன்னிப்பையும் எடுத்துக்காட்டி, நம்பிக்கையிழக்க வேண்டாமென்று தேற்றினார்.

பின்னர் ஏழு அணிகளாக மக்கள் நகரின் வெவ்வேறு ஆலயங்களிலிருந்து புறப்படும்படி ஒழுங்குசெய்தார். குருமார், துறவியர், கன்னியர், சிறுவர், பொதுநிலை ஆடவர், கைம்பெண்கள், மணமான பெண்கள் என அவ்வணிகள் அமைந்தன. தூர் நகரப் பேராயர் கிரெகோரி, அன்று ரோமாபுரியிலிருந்த தம் உதவிக்குரு சொல்லக் கேட்டு இதனை எழுதியுள்ளார். பவனி நடந்துகொண்டிருந்தபோதே ஒருமணி நேரத்திற்குள் 80 பேர் விழுந்து இறந்தனர். ஆயினும் கிரெகோரி மன்றாட்டை நிறுத்தவில்லை என்கிறார் அவர்.

கல்லறை மாளிகையின் உச்சியில் வானதூதர் வாளை உறையிலிட்டார் என்ற கதை பிற்காலத்தில் சேர்ந்தது. அக்காலத்துச் சான்று வெற்றிக் கதை எதையும் சொல்லவில்லை. மன்றாடியவர்கள் மன்றாடிக்கொண்டே இறந்தார்கள் என்றே சொல்லுகிறது. நோய்த்தொற்றின் இயல்பை அறிந்த நாம், கூட்டம் கூடியதே பரவலுக்குக் காரணமாகியிருக்கலாம் என்றும் எண்ணுவோம். 2020இல் ஆலயத்தை மூடியதும் பிறரன்பின் செயலே. ஆனால் கிரெகோரியிடம் கற்கவேண்டியது வேறொன்று. நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் தைபர் பெருகியபோது மக்கள் கிறிஸ்தவர்களைக் குற்றம் சாட்டினர். இப்பொழுது தைபர் பெருகியபோது, அதிகாரம் கையிலிருந்த கிறிஸ்தவத் தலைவர் அயலார் எவரையும் சுட்டாமல், 'நாம் மனந்திரும்புவோம்' என்றார். பேராயரானபின் அவர் சிசிலித் தீவிலிருந்து தானியம் வரவழைத்து ஏழைகளுக்குப் பங்கிடும் பணியில் கருத்தூன்றினார். மன்றாட்டும் களஞ்சியமும் அவரிடத்தில் பிரியவில்லை.

4. பழி தேடிய மன்றாட்டு

இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தை மறைத்தல் நேர்மையன்று. 1348 முதல் ஐரோப்பாவைச் சூறையாடிய பெருங்கொள்ளைநோயின்போது, யூதர்கள் கிணறுகளில் நஞ்சிட்டனர் என்ற பொய்ச்செய்தி பரவியது. 1349 பிப்ரவரி 14ஆம் நாள் ஸ்திராஸ்பூர்க் நகரில், நோய் அந்நகரை எட்டுவதற்கு முன்னரே, யூதர் பெருந்திரளாக அவர்களுடைய இடுகாட்டிலேயே எரிக்கப்பட்டனர். தம்மைத்தாமே சாட்டையால் அடித்துக்கொண்டு ஊரூராய்ப் பாடிச்சென்ற தவப்பவனியினரும் சில இடங்களில் இவ்வெறியைத் தூண்டினர். அவர்கள் வாயிலும் மன்றாட்டுச் சொற்களே இருந்தன.

அவிஞ்ஞோனிலிருந்த போப்பு ஆறாம் கிளெமெந்து கொள்ளைநோய்க்காலத்துத் திருப்பலி முறை ஒன்றை ஏற்படுத்தினார். அதோடு நில்லாமல், யூதரும் இந்நோயால் மடிகின்றனர், யூதரே இல்லாத நாடுகளிலும் நோய் பரவுகிறது என்று காரணம் காட்டி, அவர்களைக் காக்கும்படி 1348இல் ஆணையிட்டார். 1349 அக்டோபரில் சாட்டைப் பவனிகளையும் தடைசெய்தார். மன்றாட்டை எழுதித் தருவது மட்டுமன்று, அம்மன்றாட்டு யாருக்கு எதிராகத் திரும்புகிறது என்று கண்காணிப்பதும் மேய்ப்பரின் கடமை என்பதற்கு இது சான்று. அந்த ஆணை பெரும்பாலும் செவிகொடுக்கப்படாமற் போனது வேறொரு துயரம்.

இது பழங்கதையன்று. 2020இல் நம் நாட்டிலும் நோயைப் பரப்பினர் என்று ஒரு சமயத்தார்மேல் பழி சுமத்தப்பட்டது. சென்னையில் நோயால் உயிர்நீத்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்கள்மேல் கல்லெறியப்பட்டது.

5. சீர்திருத்தத் தந்தையர் கையில்

இடைக்காலத்து லித்தானியாவில் தூயோரின் பெயர்கள் பெருகி, நீண்ட பட்டியலாகிவிட்டன. லூத்தர் தொடக்கத்தில் அதனைக் கைவிட்டிருந்தார். 1526இல் மொகாச்சுப் போரில் ஹங்கேரி அரசர் வீழ்ந்து, துருக்கியப் படை வியென்னாவை நெருங்கும் அச்சம் எழுந்தபோது, 1529இன் தொடக்கத்தில் அவர் லித்தானியாவை ஜெர்மானியத்திலும் இலத்தீனிலும் புதுப்பித்தார். தூயோரை நோக்கிய வேண்டல்களை நீக்கினார். அவ்விடத்தில் மனிதரின் தேவைகளை நிரப்பினார். கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார், நோயாளிகள், சிறைப்பட்டோர், கைம்பெண்கள், அநாதைகள் ஆகியோர் அங்கே இடம்பெற்றனர். பகைவரும் துன்புறுத்துவோரும் மன்னிக்கப்பட்டு மனந்திரும்பவேண்டும் என்ற வேண்டலும் இடம்பெற்றது. அதே ஆண்டில் துருக்கியருக்கு எதிரான போரைக் குறித்து எழுதிய நூலில், திருச்சபையின் பெயரால் சிலுவைப்போர் தொடுப்பதை அவர் மறுத்தார். மனந்திரும்புதலையும் மன்றாட்டையும் முதற்கடமையாக்கினார்.

ஆயினும் லூத்தரும் தம் காலத்தின் பகையுணர்ச்சிக்கு முற்றும் விலகியவரல்லர். பிற்காலத்தில் சிறுவருக்கென அவர் இயற்றிய ஒரு ஞானப்பாட்டு போப்பையும் துருக்கியரையும் பெயர் சொல்லி எதிர்த்தது. பிற்காலத் திருச்சபைகள் அவ்வரியை மாற்றிப் பாடுகின்றன.

இங்கிலாந்தில் நிகழ்ந்ததும் இதையொத்ததே. 1543இல் ஓயாத மழையால் விளைச்சல் கெடும் நிலை வந்தபோது எட்டாம் ஹென்றி அரசர் மன்றாட்டுப் பவனிகளுக்குக் கட்டளையிட்டார். மக்கள் ஆர்வமின்றியே வந்தனர். தாங்கள் கேட்கும் இலத்தீன் மொழி அவர்களுக்குப் புரியாமையே காரணம் என்று அடுத்த ஆண்டில் அரசரே ஒப்புக்கொண்டார். ஸ்காத்லாந்தோடும் பிரான்சோடும் போர் மூண்டிருந்த 1544 மே 27ஆம் நாள், பேராயர் கிரான்மர் தொகுத்த ஆங்கில லித்தானியா வெளிவந்தது. ஆங்கில மொழியில் அரசு அனுமதியோடு வெளியான முதல் பொது வழிபாட்டு முறை இதுவே. தாய்மொழி வழிபாடு ஒரு நெருக்கடியின் பிள்ளையாகப் பிறந்தது என்பதை நாம் மறக்கலாகாது. பழைய சாரம் முறை, லூத்தரின் லித்தானியா, கிரிசோஸ்தோமின் பெயரால் வழங்கும் கீழைத் திருச்சபையின் ஜெபம் ஆகிய மூன்று ஊற்றுகளும் கிரான்மரின் கையில் ஒன்றாயின. ஓர் அசைக்கு ஓர் இசைக்குறி என்ற அளவில் இசை எளிமையாயிருக்கவேண்டும், சொல் தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதும் அவர் விருப்பம்.

அந்த லித்தானியாவில் ரோமப் பேராயரின் கொடுங்கோன்மையிலிருந்து விடுவிக்கும்படி ஒரு வேண்டல் இருந்தது. 1559இல் அது நீக்கப்பட்டது. ஆனால் பகைவரையும் அவதூறு செய்வோரையும் மன்னிக்கவேண்டும் என்று லூத்தரிடமிருந்து பெற்ற வேண்டல் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அரசன் போருக்கு ஆள் திரட்டிய வேளையில், போர்வெற்றிக்காகவே கட்டளையிடப்பட்ட ஜெபத்திற்குள் பகைவருக்கான மன்றாட்டும் நுழைந்துவிட்டது! பகைவனின் பெயர் உதிர்ந்தது. பகைவனுக்காகச் செய்யும் வேண்டல் நிலைத்தது. காலம் செய்த இச்சலிப்பு ஆவியானவரின் செயல் என்று சொல்லுவதில் தவறில்லை.

1551இல் வேர்வைக்காய்ச்சல் என்னும் கொடிய நோய் இங்கிலாந்தில் பரவியது. அடுத்த ஆண்டு வெளியான இரண்டாம் ஜெப நூலில், முன்பே இருந்த மழைக்கும் நல்ல பருவத்திற்குமான ஜெபங்களோடு, பஞ்சம், போர், கொள்ளைநோய் ஆகிய காலங்களுக்கான ஜெபங்களும் லித்தானியாவின் முடிவில் சேர்க்கப்பட்டன.

6. நெருக்கடி கடந்தபின்

இந்த ஜெபத்தைக் குறித்து 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த விவாதம் நமக்கு மிகவும் பயனுள்ளது. லித்தானியா ஒரு குறிப்பிட்ட துன்பத்திற்காக ஏற்பட்டது. அத்துன்பம் நீங்கியபின் அதைத் தொடர்ந்து சொல்லுவது பொருத்தமற்றது என்று தூய்மைவாதியராகிய கார்ட்ரைட் வாதிட்டார். 1597இல் வெளியான தம் திருச்சபை ஒழுங்கு நூலின் ஐந்தாம் புத்தகத்தில் ஹூக்கர் இதற்கு விடை கூறுகிறார். மாமெர்த்துவின் வரலாற்றையும் நினைவுகூர்ந்து, எந்த வேளையில் எந்தத் தீங்கு நம் தலைமேல் தொங்குகிறது என்பதைக் கடவுளே அறிவார், நாம் அறியோம் என்கிறார் அவர். நமக்கு அமைதியான ஞாயிறு வேறொருவருக்குப் பேரிடரின் ஞாயிறாயிருக்கலாம். ஆதலால் பொது மன்றாட்டு நம் வீட்டு நிலைமையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளலாகாது.

திடீர்ச் சாவிலிருந்து விடுவிக்கும்படியான வேண்டலும் அன்று கண்டிக்கப்பட்டது. விசுவாசி எந்நேரமும் ஆயத்தமாயிருக்கவேண்டுமே, பின் ஏன் இவ்வேண்டல் என்றனர். யாக்கோபு, மோசே, யோசுவா, தாவீது ஆகியோர் தம் மக்களைச் சூழ நிறுத்தி அறிவுரை கூறி விடைபெற்றதை ஹூக்கர் சுட்டிக்காட்டுகிறார். ஒருவரின் சாவு அவருக்கு மட்டும் உரியதன்று, உடனிருப்போருக்கும் உரியது. தந்தையின் முகத்தைக் காணாமலே அடக்கம் முடிந்த குடும்பங்களை 2020இலும் 2021இலும் சந்தித்த ஆயர்களுக்கு இவ்விளக்கம் தேவைப்படாது.

1662ஆம் ஆண்டின் ஜெப நூல் ஞாயிறு, புதன், வெள்ளி ஆகிய நாள்களில் லித்தானியாவைச் சொல்லும்படி விதித்தது. அதே நூல், கிறிஸ்துவின் வருகைக் காலத்து முதல் ஞாயிற்றுக்கென கிரான்மர் 1549இல் இயற்றிய சுருக்க ஜெபத்தைக் கிறிஸ்து பிறப்பின் முந்திய நாள்வரை நாள்தோறும் சொல்லும்படியும் விதித்தது. ரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தைத் தழுவி, தாழ்மையாய் வந்தவர் மகிமையாய் வரப்போகும் நாளை நோக்கி இருளின் செயல்களைக் களைய வேண்டும் ஜெபம் அது. நெருக்கடிக்கான ஜெபமும் காத்திருப்புக்கான ஜெபமும் ஒரே மரத்தின் கிளைகள். இடர் வராத நாள்களில் வருகைக்காகக் காத்திருக்கக் கற்ற சபையே, இடர் வந்த நாளில் மன்றாட அறிந்த சபையாயிருக்கும். வருகைக் காலம் தொடங்குமுன்னரே கீத பவனி தொடங்கிவிடும் நம் சபைகளில் இக்காத்திருப்பு எங்கே போயிற்று என்று நாம் கேட்கவேண்டும்.

7. தஞ்சையில் ஒரு களஞ்சியம்

நம் நாட்டுத் திருச்சபையின் நினைவிலிருந்தும் ஒன்றைக் கூறுவோம். 1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் புகுந்தது. தஞ்சை நாடு பாழாயிற்று. கோட்டைக்குள் உணவின்றி மக்கள் மடிந்தனர். வயலில் நெல் இருந்தும், முன்பு ஏமாற்றப்பட்ட உழவர்கள் மன்னரையும் கம்பெனியாரையும் நம்பி மாடுகளை அனுப்ப மறுத்தனர். அப்பொழுது லூத்தரன் அருள்பணியாளர் சுவார்ட்ஸ், பணம் கொடுக்கப்படும் என்று தம் பெயரால் உறுதி கூறினார். இரண்டே நாள்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. ஏறத்தாழ 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது என்று அவரே பின்னர் எழுதினார். பசியால் வாடியோருக்கு அவர் பல மாதம் உணவளித்தார்.

அரசரும் ஆட்சியாளரும் பெறாத நம்பிக்கையை ஒரு குரு பெற்றிருந்தது எதனால்? அமைதிக் காலத்தில் அவர் சொல்லும் செயலும் மாறுபடாதிருந்ததே காரணம். பஞ்சம் நீங்க மன்றாடும் வாய், உழவனுக்கு உறுதி கூறவும் தகுதி பெற்றிருந்தது. ரோமாபுரியில் நாம் கண்ட மன்றாட்டையும் களஞ்சியத்தையும் தஞ்சையிலும் ஒன்றாகக் காண்கிறோம்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நம் திருப்பணிக்கு நான்கு கருத்துகளைப் பெறலாம்.

முதலாவது, நெருக்கடிகால மன்றாட்டு அனைவரும் சேர்ந்து சொல்லத்தக்கதாயிருக்கவேண்டும். குயவனும் தோட்டக்காரனும், ஆண்டானும் அடிமையும் ஒரே வரிசையில் நிற்கமுடியாத ஜெபம் பொது ஜெபமன்று. மேடையில் நிற்கும் ஒருவர் மட்டும் நீண்டநேரம் உணர்ச்சியோடு ஜெபிக்க, மக்கள் கேட்டு நிற்கும் வழக்கம் பெருகிவரும் இந்நாளில், குழந்தையும் சொல்லக்கூடிய குறுகிய மறுமொழியின் மதிப்பை நாம் மீண்டும் உணரவேண்டும்.

இரண்டாவது, அது மக்களுக்குப் புரியவேண்டும். இலத்தீன் புரியாமையால் ஆங்கிலேயர் பவனிக்கு வரவில்லை. நம் தமிழ் லித்தானியாவின் சொற்களும் இளையோர் பலருக்கு இன்று எட்டாதவை ஆகிவிட்டன. நூலைத் தள்ளிவைப்பதைவிட, அதனைக் கற்பிப்பதும் தேவையான இடங்களில் புதுக்குவதுமே கிரான்மர் காட்டிய வழி. புயலும் வறட்சியும், கடலில் தவறிய மீனவரும், வேலையிழந்தோரும், கலவரத்தில் வீடிழந்தோரும் இன்றைய மன்றாட்டில் பெயர் பெறவேண்டும்.

மூன்றாவது, அது பழி தேடலாகாது. சீலோவாம் கோபுரம் விழுந்து மடிந்தோரைக் குறித்து ஆண்டவர் லூக்கா 13ஆம் அதிகாரத்தில் கூறிய விடை நமக்கு எல்லைக்கோடாகும். இறந்தவர் பாவத்தை அவர் கணக்கிடவில்லை; கேட்டுநின்றவரையே மனந்திரும்ப அழைத்தார். சுனாமிக்குப்பின் இன்னார் பாவத்தால் வந்த தண்டனை என்று அருளுரைத்தவர்கள், அறியாமலே தெர்த்துல்லியன் கண்டித்த கூட்டத்தோடு சேர்ந்தனர்.

நான்காவது, அது இடர் வந்த நாளில் புதிதாகக் கற்கத்தக்கதன்று. கடல் பொங்கிய அஞ்ஞாயிறன்று யாருக்கும் நூலைத் திறக்க நேரமில்லை. முன்பே உள்ளத்தில் பதிந்திருந்த சொற்கள்தாம் அப்பொழுது வாயில் வந்திருக்கும். ஆகையால் இடரில்லாத ஞாயிறுகளில், வருகைக் காலத்திலும் லெந்து காலத்திலும், லித்தானியாவைப் பொறுமையோடு சபைக்குக் கற்பிப்போம். ரோமர் 8ஆம் அதிகாரம் கூறுமாப்போல, படைப்பு முழுவதும் பிரசவ வேதனையோடு காத்திருக்கிறது; ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாத நமக்காக ஆவியானவரே பெருமூச்சோடு மன்றாடுகிறார். திருச்சபையின் லித்தானியா அப்பெருமூச்சுக்கு நாம் சொல்லும் மறுமொழியே. அதனை அவசரமின்றிச் சொல்லுவோம். சொன்னபின் களஞ்சியத்தின் கதவையும் திறப்போம்.